கோரைக்குள் ஒரு கேள்வி

காரை நிறுத்தியதும் மச்சான் முதலில் தன் அங்கியின் பைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். பச்சை நிற அரைக்கை அங்கி. உடம்பு முழுக்கப் பை. ஒன்றில் தொலைநோக்கியைத் துடைக்கும் துணி, இன்னொன்றில் கொசு மருந்து, மார்பருகே உள்ளதில் அவருடைய விசிட்டிங் கார்டுகள். பறவைகளுக்குக் கொடுப்பதற்கா என்று என் மனைவி ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

"இந்த ஊரைச் சுத்தி இயற்கைன்னு ஒண்ணு இருக்குன்னே நான் சொல்லித்தான் மாப்பிள்ளை பல பேருக்குத் தெரியும்," என்றார், கதவைச் சாத்தியபடி. இயற்கையை அவர்தான் முன்பணம் கட்டி வரவழைத்தார் என்பது போல இருந்தது.

மச்சான் என் மனைவியின் அண்ணன். காப்பீட்டு நிறுவனத்தில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் மனைவி இறந்தபின் எங்கள் வீட்டு முன்னறைக்குக் குடிவந்து, அதை இயற்கை நேயர் பேரவையின் தலைமையகம் என்று அறிவித்துக்கொண்டார். காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்பக்கூடிய பூங்கா, ஏரி, குன்று, காடு என்று நகரத்தைச் சுற்றி என்னென்ன உண்டோ, அங்கெல்லாம் ஞாயிறுதோறும் ஆட்களைக் கூட்டிப்போவார். எங்கே போனாலும் முதலில் உரை, பிறகுதான் இயற்கை. அவர் தொடங்கியதும் உறுப்பினர்கள் நிழல் பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் மைக்.

அந்தப் பெயரை என் மனைவியின் காதுபடச் சொல்லிவிட முடியாது. பெற்றோர் அடுத்தடுத்துப் போனபோது அவள் பள்ளிக்கூடமே சேரவில்லை. தலை பின்னிவிட்டதிலிருந்து என் தலையில் கட்டிவைத்தது வரை எல்லாம் அவர்தான். அவரைக் கேலி செய்யும் உரிமை தனக்கு மட்டுமே உண்டு என்பது அவள் கட்சி. அவர் அவளுக்கு வைத்த பெயர் வாலு. அவளுக்கு நரை விழுந்த பிறகும் வாலு வாலுதான்.

அன்று போனது நகரத்தின் விளிம்பிலுள்ள சதுப்பு நிலப் பூங்காவுக்கு. குப்பை கொட்டிக் கொட்டி அலுத்த பிறகு மிஞ்சிய நிலத்துக்கு எந்த நகரமும் இயற்கை என்று பெயர் வைத்துவிடும். வாசலில் திறப்பு விழாக் கல்வெட்டு. உள்ளே நுழைந்ததும் இதய வடிவில் ஓர் இரும்பு வளையம். அதற்குள் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் மரப்பலகை நடைபாதை. அதற்கப்பால் ஆளை விழுங்கும் உயரத்தில் கோரை, கண்ணுக்கெட்டிய வரை கோரை, நடுநடுவே கறுத்த தண்ணீர். விடிந்து வெகுநேரமாகியும் பனி விலகவில்லை. அழுகிய இலையின் வாடை. அதற்கடியில், எப்போதோ எரித்த குப்பையின் வாடை.

எங்களோடு வந்த ஒரே உறுப்பினர் பல் டாக்டர்.

"மத்தவங்க யாரும் வரலையா தலைவரே?"

"பனியாம். இயற்கையை நேசிக்கிறவன் பனிக்குப் பயப்படலாமா டாக்டர்?"

"பனிக்கு இல்லண்ணா," என்றாள் என் மனைவி. "உன் உரைக்குப் பயந்துட்டாங்க."

"வாலு, வாயை மூடிட்டு நட."

நடைபாதை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை. பறவைகளின் குரலைப் பதிவு செய்து, அதையே ஒலிக்கவிட்டு அவற்றை வெளியே இழுக்காதீர் என்று எழுதியிருந்தது. பறவை பார்ப்பவர்களிடம் உள்ள குறுக்குவழி அது. தன் எல்லைக்குள் தன்னைப் போல் இன்னொன்று வந்துவிட்டது என்று நம்பிப் பறவை மறைவைவிட்டு வெளியே வரும்; ஏமாந்து, பதறி, கூட்டைக்கூட மறந்துவிடும். பலகை வாசகம் மச்சானுடையது. கீழே அவர் பெயர், வாசகத்தைவிடப் பெரிய எழுத்தில்.

நடைபாதை ஒரு பார்வைக் கோபுரத்தில் போய் முடிந்தது. நான்கு பேரும் ஏறினோம். கீழே நாமக்கோழிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. முக்குளிப்பான் ஒன்று மூழ்குவதும் எழுவதுமாக இருந்தது. என் மனைவி ஃபிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றினாள். மச்சான் உரைக்குத் தயாராகக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

எல்லாப் பறவைகளும் ஒன்றாக வாயை மூடிக்கொண்டன.

மச்சானின் உரைக்கு அத்தனை மரியாதை எங்கும் கிடைத்ததில்லை. அதைச் சொல்லலாம் என்று நான் வாயெடுத்தபோதுதான் அந்தக் குரல் வந்தது.

இரண்டு சுரம். முதலாவது தாழ்வாக. இரண்டாவது மெல்ல ஏறி, அந்தரத்தில் நின்றது. யாரோ எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது போல.

"டாக்டர்..." மச்சானின் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "இது நம்ம பட்டியல்லயே இல்ல."

"கானாங்கோழி வகை எதாவதா இருக்குமோ?"

"எந்த வகையிலயும் இல்ல. இதுவரைக்கும் யாருமே பதிவு பண்ணலை."

அந்த நொடியில் அந்தப் பறவைக்கு அவர் தன் பெயரைச் சூட்டி முடித்துவிட்டார் என்பது கண்ணிலேயே தெரிந்தது. கைபேசியை எடுத்து நீட்டிப் பிடித்தார். குரல் மறுபடி வந்தது. அதே நேரம் என் மனைவி ஃபிளாஸ்க்கை மூட, மூடி 'டக்' என்றது. 'ஸ்ஸ்' என்று அவளை அதட்டினார். எல்லாம் சேர்ந்தே பதிவானது.

பிறகு பதிவை ஒலிக்கவிட விரலை வைத்தார்.

"அண்ணா, இதைச் செய்யக் கூடாதுன்னு நீதானே பலகை எழுதிக் கொடுத்த?"

"அது பொதுமக்களுக்கு."

கைபேசியிலிருந்து குரல் கிளம்பிக் கோரைக்குள் போயிற்று. பதில் உடனே வந்தது. முன்பைவிட அருகில். மறுபடி ஒலிக்கவிட்டார். இன்னும் அருகில். ஆனால் ஒரு கோரைத்தாள்கூட அசையவில்லை. மூன்றாம் முறை பதில் ஏறக்குறைய எங்கள் காலடியிலிருந்து வந்தது.

இரண்டு சுரம்.

டக்.

ஸ்ஸ்.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "மைனா கூட... கேக்கறதை எல்லாம் சொல்லும்," என்றார் பல் டாக்டர். அவருடைய நோயாளிகள் நாற்காலியில் பேசும் குரலில் பேசினார்.

"அண்ணா, போயிடலாம். எனக்கு இது பிடிக்கல."

"சும்மா இரு வாலு. மெஷின் சத்தம்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு. அதான் வெளிய வரலை. இதுக்கெல்லாம் மனுஷத் தொண்டைதான் சரி."

பறவைபோலக் கூவுவதில் தனக்கு நிகரில்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு. ஆண்டுவிழாக்களில் அவர் குயிலாகக் கூவியபோதெல்லாம் தெருநாய்கள்தான் பதில் குரல் கொடுத்திருக்கின்றன. ஆனால் அன்று கைகளைக் குவித்து அவர் எழுப்பிய ஒலி அச்சு அசலாக இருந்தது. ஒரே ஒரு வித்தியாசம். இரண்டாவது சுரத்தை ஏற்றாமல் கீழே இறக்கினார்.

கேட்டதற்குப் பதில் சொல்வது போல.

காற்றே இல்லை. கோரை ஒரு கோடாகப் பிளந்து, கோபுரத்தின் அடி வரை வந்து, நின்றது.

மச்சான் வெற்றியோடு எங்கள் பக்கம் திரும்பினார். ஆள்காட்டி விரல் உயர்ந்தது. புருவம் உயர்ந்தது. உதடுகள் பேசத் தொடங்கின. கை ஏறி இறங்கியது. உரைக்குரிய எல்லா அங்க அசைவும் இருந்தது. ஒலி மட்டும் இல்லை.

நாங்கள் சிரித்தோம். நடிக்கிறார் என்றுதான் நினைத்தோம். மின்சாரம் போன மேடையில் நிற்கும் பேச்சாளர் மாதிரியே இருந்தார். என் மனைவி கைகூடத் தட்டினாள்.

அவர் தன் தொண்டையைப் பிடித்தார்.

அப்போது கீழே, கோரைக்குள், யாரோ செருமினார்கள்.

"நண்பர்களே," என்றது மச்சானின் குரல், நிதானமாக. "இயற்கை நம்மிடம் என்ன கேட்கிறது?"

எந்தக் கூட்டத்திலும் அவர் உரை தொடங்கும் வாக்கியம் அது.

மறுநாள் தொண்டை நிபுணர் குழாய் விட்டுப் பார்த்தார். "குரல்நாண் எல்லாம் பிரமாதமா இருக்கு. அதிர்ச்சிதான். தானா சரியாகும்," என்றார். எழுதிக் காட்டச் சொன்னோம். பேனாவைப் பிடித்த கை தாளின்மேல் அப்படியே நின்றது. பேச்சு போன இடத்துக்கே எழுத்தும் போயிருந்தது. பேரவை ஒரு நலம் விரும்பும் கூட்டம் நடத்தியது. அதன் வரலாற்றில் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்த முதல் கூட்டம். துக்கத்துக்கு அடியில் எட்டிப் பார்த்த நிம்மதியை மறைக்க உறுப்பினர்கள் ரொம்பப் பாடுபட்டார்கள். பல் டாக்டர் மட்டும் வரவில்லை. ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருப்பதாகச் சொன்னார்கள்.

மச்சான் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஊட்டினால் ஒரு வாய், இரண்டு வாய். பிறகு அதையும் வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டார். நாளுக்கு நாள் இளைத்தார். அந்த அங்கி அவர்மேல் ஆணியில் மாட்டியது போலத் தொங்கியது. உள்ளேயிருந்து யாரோ சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வீட்டைக் காலி செய்வது போல இருந்தது. இப்படியே போனால் ரொம்ப நாள் தாங்காது என்று தொண்டை நிபுணர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். அதை நான் மனைவியிடம் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

"குரலை வச்சுதானே அது குரலை வரவழைச்சுது?" என்றாள் ஒரு நாள். "நாமளும் அதையே செய்வோம். அண்ணன் பேசினது எவ்வளவு பதிவு இருக்கு நம்மகிட்ட. அதைப் போட்டா அவர் குரல் வெளிய வரும். பக்கத்துலயே அவரை நிறுத்தி வச்சா, வந்து சேர்ந்துடும்."

"உனக்குப் பைத்தியமா?"

"இவரு பட்டினியா கிடந்து சாகறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா அது தெளிவா?"

சம்மதித்தேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். அது என்ன கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது. ஒரு முனகல்கூடக் கூடாது. அவள் என் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

நல்ல வெயிலில் போனோம். இதய வளையத்துக்குள் ஒரு புதுமணத் தம்பதி நின்று சிரித்துக்கொண்டிருந்தது. மச்சானை இரண்டு பக்கமும் தாங்கிக் கோபுரத்தில் ஏற்றினோம். காகிதப் பை மாதிரி இருந்தார். என் மனைவி கைபேசியை வைத்து ஆண்டுவிழா உரையை ஒலிக்கவிட்டாள். கோரைக்கு மேலே அந்தக் குரல் பரவியது. நீர்நிலைகளைப் பற்றி, நம் கடமையைப் பற்றி, தன்னைப் பற்றி. எத்தனையோ முறை கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்ட உரை. அன்று முதல்முறையாக ஒரு வார்த்தையையும் தவறவிடாமல் கேட்டேன்.

பறவைகள் அடங்கின.

அவள் பதிவை நிறுத்தினாள். விட்ட இடத்திலிருந்து உரை தொடர்ந்தது. கோரைக்குள்ளிருந்து.

மச்சானின் உதடுகள் அசைய ஆரம்பித்தன. குரல் நெருங்க நெருங்க, வார்த்தைக்கு வார்த்தை உதடும் சேர்ந்துகொண்டது. கன்னத்தில் சிவப்பு ஏறியது. "வருதுங்க," என்று என் காதில் கிசுகிசுத்தாள் என் மனைவி. "பாருங்க, வருது!" நானும் நம்பினேன். அதை மறுக்க மாட்டேன்.

கோபுரத்துக்கு அடியில் வந்ததும் உரை நின்றது.

"வாலு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வாலு, இங்க இருட்டா இருக்கு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இங்க நிறைய பேர் இருக்காங்க. யாரும் யார்கூடவும் பேச மாட்டேங்கறாங்க. எனக்குப் பயமா இருக்கு வாலு. கூட்டிட்டுப் போயேன். உன்னை நான் எங்கயாவது விட்டுட்டுப் போயிருக்கேனா?"

கண்ணீர் கொட்டியது. தலையை மட்டும் இல்லை இல்லை என்று ஆட்டினாள். வாய் திறக்கவில்லை. அவ்வளவு உறுதியை நான் எந்த மனிதரிடமும் பார்த்ததில்லை.

கீழே வெகுநேரம் சத்தமே இல்லை. போய்விட்டது என்று நினைத்து அவள் மூச்சை விட்டாள்.

பிறகு அது சாதாரணமாக, முன்னறையிலிருந்து பேப்பரை மடித்துக்கொண்டே கேட்பது போலக் கேட்டது.

"சாப்பிட்டியா?"

"ம், சாப்பிட்டேண்ணா, நீ—"

அவ்வளவுதான்.

கெஞ்சலுக்கு அசையாதவள். அழுகைக்கு அசையாதவள். ஆனால் அந்த ஒரு கேள்வி மூளைக்குப் போவதில்லை. பிறந்ததிலிருந்து நாளுக்குப் பத்து தடவை கேட்டுப் பழகி, யார் கேட்டாலும் எதற்குக் கேட்டாலும் வாய் தானாகவே பதில் சொல்லிவிடும். கீழே இருந்தது அதைத் தெரிந்து வைத்திருந்தது.

அவள் வாய் திறந்தபடியே இருந்தது. மச்சானின் கன்னத்துச் சிவப்பு இறங்கிவிட்டது. இரண்டு பேரையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு நான் படியிறங்கியபோது, பின்னால் கோரைக்குள் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வது கேட்டது. சிரித்துக்கொண்டுகூட இருந்தார்கள். வாசலில் புதுமணத் தம்பதி தங்களைச் சேர்த்து ஒரு படம் எடுத்துத் தரும்படி என்னிடம் கைபேசியை நீட்டியது. நான் வெறுமனே தலையை ஆட்டிவிட்டு நடந்தேன்.

அதன்பிறகு நானும் யாரிடமும் பேசுவதில்லை. அலுவலகத்தில் தலையாட்டியே காலத்தை ஓட்டுகிறேன். என் மேலாளர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு பாராட்டினார்.

சதுப்பு நிலம் எங்கள் வீட்டிலிருந்து வெகுதூரம். அந்தத் தூரத்தை நம்பித்தான் இருந்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை, நான் தோசைக்கல்லையும் என்னையும் ஒருசேரச் சுட்டுக்கொண்டு எதையோ சமைத்து, இருவரையும் மேசையில் உட்கார வைத்து ஊட்டிக்கொண்டிருந்தேன். பளிச்சென்று வெயில். வீட்டுக்குப் பின்னாலுள்ள சிறு பூங்காவில் கிளிகள் கத்திக்கொண்டிருந்தன.

கிளிகள் நின்றன.

"உன் உரையைக் கேட்டு நேத்து ஒரு நாரை தற்கொலை பண்ணிக்கிச்சாம்," என்றாள் என் மனைவி, பூங்கா மரங்களுக்குள்ளிருந்து.

"வாலு, உதை வாங்கப்போற," என்றார் மச்சான்.

மேசையில் இரண்டு பேரின் உதடுகளும் அந்தந்த வார்த்தைக்கு அசைந்தன. கண்கள் என்மேல் இருந்தன.

குரல்கள் சுவரோரம் வந்தன. சமையலறை ஜன்னலுக்கு வெளியே, குழைவாக, சண்டை முடிந்த மறுநாள் காலையில் மட்டும் அவளுக்கு வரும் குரலில் அவள் கேட்டாள்.

"என்னங்க... கோபமா?"

என் நாக்கு அசைந்துவிட்டது. 'இல்லையே' என்ற சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. மேசைக்கு எதிரே இருந்தவள் எழுந்து பாய்ந்து என் வாயைப் பொத்தினாள். உள்ளங்கை ஈரமாக, சில்லென்று இருந்தது. 'கோபமா' என்று அவள் உதடுகள் குவிந்து விரிந்துகொண்டிருந்தன. தலையோ வேண்டாம், வேண்டாம் என்று ஆடியது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

ஜன்னலுக்கு வெளியே அது இன்னொரு முறை கேட்டது. காத்திருந்தது. பிறகு செடிகள் உரசும் ஓசை நகர்ந்து போயிற்று.

பக்கத்து வீட்டுப் பக்கமாக.

அந்த வீட்டம்மா தெருவுக்கே கேட்கும்படி பேசுகிறவர். மனைவி நலமா என்று தினமும் என்னை நிறுத்திக் கேட்பார், நான் தலையாட்டுவேன். அப்போது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். குழாய்ச் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது.

"அக்கா," என்று என் மனைவியின் குரல் அவர்கள் வாசலில் கூப்பிட்டது. "வீட்ல இருக்கீங்களா?"

என் மனைவியின் கை என் வாய்மேல் இருந்தது.

சுவரில் கையால் அறைந்தேன். ஒரு முறை, இரண்டு முறை, எலும்பு நோக அறைந்தேன். பாத்திரச் சத்தம் நின்றது.

"அடடே, நீயா! குரல் வந்துடுச்சா உனக்கு? உள்ள வாம்மா, கதவு தெறந்துதான்—"

குழாயில் தண்ணீர் மட்டும் வெகுநேரம் கொட்டிக்கொண்டே இருந்தது.